பறக்கும் கத்தியா, பாம்புப் பிடியா, சதுரங்கமா? மலிவு குங்ஃபூ படங்களில் முதலில் எதைப் பார்ப்பது

பழைய குங்ஃபூ படம் ஒன்று பார்க்கலாம் என்று முடிவு செய்துவிட்டீர்கள். புரூஸ் லீ படங்களை ஏற்கெனவே பார்த்தாயிற்று. ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் கம்பெனி பெரிய செட் போட்டு எடுத்த படங்களைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். இப்போது வேண்டியது அதற்குக் கீழ்த்தட்டில், கையில் இருந்த காசுக்கு அடித்துப் பிடித்து எடுத்த ஒரு படம். விக் விலகித் தெரியும், வாய் ஒன்று பேசக் குரல் இன்னொன்று பேசும், சண்டை மட்டும் அசத்தும். 1970களில் ஹாங்காங்கிலும் தைவானிலும் இந்த ரகத்தில் ஏராளமான படங்கள் வந்தன. அதில் பாதிக்கு மேல் உட்கார்ந்து பார்க்க முடியாதவை. முதல் படமே சொதப்பினால் அப்புறம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டோம், அதனால் தொடங்கும் படத்தைக் கொஞ்சம் யோசித்துத் தேர்ந்தெடுப்பது நல்லது.

மூன்று படங்களை எடுத்து வைக்கிறேன். ஜிம்மி வாங் யூ எழுதி, இயக்கி, நடித்த 'மாஸ்டர் ஆஃப் த ஃப்ளையிங் கில்லட்டின்' (1976). யுவென் வூ-பிங் முதன்முதலாக இயக்கிய, ஜாக்கி சானுக்கு முதல் பெரிய வெற்றியைத் தந்த 'ஸ்னேக் இன் த ஈகிள்ஸ் ஷேடோ' (1978). தைவான்காரரான ஜோசப் குவோ எடுத்த 'த மிஸ்டரி ஆஃப் செஸ் பாக்ஸிங்' (1979). மூன்றுமே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். மூன்றின் கதையையும் இரண்டு வரியில் சொல்லிவிடலாம். மூன்றிலும் பணம் இல்லை. ஆனால் பணம் இல்லாததைச் சமாளித்த விதம் ஆளுக்கு ஆள் வேறு. வாங் யூ விபரீதக் கற்பனையை வைத்துச் சமாளித்தார். யுவென் ஆட்களின் உடம்பை நம்பினார். குவோ சண்டைக்கு மேல் சண்டையாக அடுக்கினார். இந்த மூன்றில் எந்தச் சமாளிப்பு உங்களுக்குப் பிடிக்கும் என்பதுதான் கேள்வி.

படத்துக்குப் படம் போகும் முன் பொதுவான குறைகளைச் சொல்லிவிடுகிறேன். இவை மூன்றிலும் உண்டு, இவற்றைச் சகிக்க முடியாதவர் மூன்றையுமே விட்டுவிடலாம்.

முதலில் ஒலி. அன்றைக்கு இந்தப் படங்களின் படப்பிடிப்பில் ஒலிப்பதிவு கிடையாது. வசனம், அடி விழும் சத்தம், துணி படபடக்கும் சத்தம் எல்லாமே பின்னால் ஸ்டுடியோவில் சேர்த்தவை. ஆங்கில டப்பிங்கையும் ஹாங்காங்கிலேயே, அங்கே குடியிருந்த ஆங்கிலம் பேசும் சிலரை வைத்து முடித்துவிடுவார்கள். அதே கொஞ்சம் பேர்தான் படத்துக்குப் படம் பேசினார்கள். நாலைந்து படம் பார்த்தால் முகத்தைவிடக் குரல்கள்தான் பழகிப்போகும். திரையில் வாய் அசையும் நேரத்தை நிரப்பியாக வேண்டும் என்பதால் தேவையில்லாத இடத்தில் வசனத்தை இழுப்பார்கள், சுருக்குவார்கள். ஜாக்கி சான் படங்களைத் தமிழ் டப்பிங்கில் டிவியில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது ஒரு குறையாகவே படாது என்று நினைக்கிறேன்.

அடுத்தது வேகம். கேமராவைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டி, நொடிக்கு 24 சட்டகத்துக்குப் பதில் 22 அல்லது 20 சட்டகம் எடுத்து, திரையிடும்போது வழக்கமான வேகத்தில் ஓட்டினால் கைகால்கள் விறுவிறு என்று பறக்கும். அளவோடு செய்தால் கண்ணுக்குத் தெரியாது. அளவு மீறினால் பின்னால் மரக்கிளையும் விறுவிறு என்று ஆடும், குட்டு வெளிப்பட்டுவிடும்.

மூன்றாவது ஜூம். தண்டவாளம் போட்டுக் கேமராவைத் தள்ள நேரமும் ஆளும் வேண்டும். லென்ஸைத் திருகினால் காசில்லாமல் வேலை முடிகிறது. எனவே வில்லன் முறைத்தால் ஜூம், ஹீரோ அதிர்ந்தால் ஜூம். எனக்கு இது பிடிக்கும். பிடிக்காதவர்கள் நிறைய பேர் உண்டு.

சரி, படங்களுக்கு வருவோம்.

மாஸ்டர் ஆஃப் த ஃப்ளையிங் கில்லட்டின்

வாங் யூவைப் பற்றி இரண்டு வார்த்தை. 1967இல் ஷா பிரதர்ஸுக்காக சாங் சே இயக்கிய 'ஒன்-ஆர்ம்டு ஸ்வோர்ட்ஸ்மேன்' படத்தில் ஒற்றைக் கை வீரனாக நடித்துப் பெரிய நட்சத்திரமானவர். அப்புறம் கம்பெனியோடு முறைத்துக்கொண்டு வெளியேறி, தைவான் பக்கம் போய்த் தன் போக்கில் படம் எடுத்தார். ஒற்றைக் கை வியாபாரம் மட்டும் அவரை விடவில்லை. வாளை வைத்துவிட்டு முஷ்டியைத் தூக்கிக்கொண்டு 'ஒன் ஆர்ம்டு பாக்ஸர்' எடுத்தார். அதன் தொடர்ச்சிதான் இந்தப் படம். 'பறக்கும் கில்லட்டின்' என்ற ஆயுதமும் அவர் கண்டுபிடித்ததல்ல. 1975இல் ஷா பிரதர்ஸ் அந்தப் பெயரிலேயே ஒரு படம் எடுத்து வெளியிட்டிருந்தது. ஆயுதத்தை அங்கிருந்து எடுத்தார், ஹீரோவைத் தன் பழைய படத்திலிருந்து எடுத்தார், இரண்டையும் மோதவிட்டார். வெட்கமே இல்லாத வியாபாரம்தான். ஆனால் விளைந்தது இந்த ரகத்தின் மிகச் சுவாரசியமான படங்களில் ஒன்று.

ஆயுதத்தைப் பார்த்தால்தான் நம்புவீர்கள். சங்கிலியில் கட்டிய தொப்பி மாதிரி ஒரு பொருள், விளிம்பு முழுக்கக் கத்தி. தூரத்தில் நின்று வீசினால் எதிரியின் தலையில் போய்க் கவிழும். சங்கிலியைச் சுண்டி இழுத்தால் தலை தொப்பியோடு வந்துவிடும். தலை இல்லாத உடம்பு இரண்டு நொடி நின்று சாயும். சட்டைக் காலரைத் தலைக்கு மேல் தூக்கிக் கட்டியிருப்பது அப்பட்டமாகத் தெரியும்.

இதை வீசுபவன் சீனாவை ஆண்ட சிங் (Qing) பேரரசின் கையாள், பார்வையற்ற கிழவன், வெள்ளைப் புருவம் தொங்குகிற துறவி வேடம். தன் சீடர்கள் இருவரை ஓர் ஒற்றைக் கைக்காரன் கொன்றுவிட்டான் என்று தெரிந்ததும் குடிசைக் கூரையைப் பிய்த்துக்கொண்டு வெளியே பாய்கிறான், தன் குடிசைக்குத் தானே தீ வைத்துவிட்டுக் கிளம்புகிறான். வீட்டை எதற்குக் கொளுத்த வேண்டும் என்று கேட்கக் கூடாது. கண் தெரியாததால் எந்த ஒற்றைக் கைக்காரன் என்ற சந்தேகமே அவனுக்கு வருவதில்லை. கையில் அகப்படும் ஒற்றைக் கைக்காரன் ஒவ்வொருவனாகத் தீர்த்துக்கொண்டே போகிறான்.

அவன் வரும்போதெல்லாம் ஓர் உறுமல் இசை ஒலிக்கும். 1976 சீனப் படத்துக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத மின்கிட்டார் இரைச்சல். அது 'நோய்' (Neu!) என்ற ஜெர்மன் ராக் குழுவினுடையது. அந்தக் குழு 1973இல் தன் இரண்டாவது இசைத்தட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது பாதியில் பணம் தீர்ந்துபோனது. என்ன செய்வது? ஏற்கெனவே ஒரு சின்னத் தட்டில் வெளியிட்ட இரண்டு பாட்டுகளையே தட்டுச் சுழலும் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டி, அந்தப் பதிவுகளைக் கொண்டு மறுபக்கத்தை நிரப்பிவிட்டார்கள். வேகம் குறைத்து இழுத்த அந்தப் பதிவுதான் நம் கிழவனின் இசை. ஜெர்மனியில் காசில்லாமல் செய்த தந்திரத்தைத் தைவானில் காசில்லாத ஒருவர் எடுத்துத் தன் வில்லனுக்கு மாட்டியிருக்கிறார். கிராஃப்ட்வெர்க், டேஞ்சரின் ட்ரீம் என்ற வேறு இரண்டு ஜெர்மன் குழுக்களின் இசைத் துண்டுகளும் படத்தில் உண்டு. இசைத்தட்டிலிருந்து அப்படியே உருவிப் போடுவது அந்தத் தொழிலில் அன்றாட வழக்கம். ஆனால் இவ்வளவு பொருத்தமாக உருவியவர்கள் அதிகம் இல்லை.

படத்தின் நடுப்பகுதி முழுக்க ஒரு சண்டைப் போட்டி. கதை அப்படியே நின்றுவிடுகிறது, ஹீரோ பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்துவிடுகிறார். மேடையில் ஜோடி ஜோடியாக வந்து மோதிச் சாகிறார்கள். திரைக்கதை என்று பார்த்தால் இது பெரிய ஓட்டை. ஆனால் சண்டை அமைத்தவர்கள் லாவ் கார்-லியுங்கும் அவருடைய தம்பி லாவ் கார்-விங்கும். ஜோடிக்கு ஜோடி ஆயுதமும் முறையும் மாறுகின்றன, ஒவ்வொன்றும் சட்டென்று முடிகிறது. சலிக்க நேரமில்லை.

இங்கேதான் நம்மைச் சங்கடப்படுத்தும் ஆள் வருகிறார். இந்தியாவிலிருந்து வந்த யோகி. முகத்தில் பழுப்புச் சாயம் பூசி, தலைப்பாகை கட்டிய சீன நடிகர். சண்டையின் நடுவே அவருடைய கைகள் மூன்று மடங்கு நீள்கின்றன. ரப்பர் கை, பார்த்தவுடன் தெரியும். 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' விளையாட்டில் கை நீட்டும் டால்சிமைத் தெரிந்தவர்கள் "அட, நம்ம ஆளு" என்பார்கள். அந்தப் பாத்திரத்துக்கு முன்னோடி இவர்தான் என்று ரசிகர்கள் வெகுகாலமாகச் சொல்லிவருகிறார்கள். தாய்லாந்து வீரரும் ஜப்பானியரும்கூட இதே மாதிரி கேலிச்சித்திரங்கள்தான். வெளிநாட்டான் என்றாலே மாயமோ துரோகமோ செய்வான் என்ற எண்ணம் படம் முழுக்க ஓடுகிறது. எனக்கு அந்த யோகியைப் பார்த்தால் கோபத்தைவிடச் சிரிப்புதான் வருகிறது. ஆனால் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். இது படத்தின் நிஜமான குறை, 'அந்தக் காலம் அப்படி' என்று சொல்லி முழுதாக மூடிவிட முடியாது.

இன்னொரு குறை ஹீரோவின் கை. ஒற்றைக் கைக்காரராக நடிக்கும் வாங் யூவின் இன்னொரு கை சட்டைக்குள் மடக்கி வைத்திருக்கிறது. அந்தப் புடைப்பை மறைக்க யாரும் பெரிதாக மெனக்கெடவில்லை. ஒருமுறை கவனித்துவிட்டால் படம் முடியும்வரை கண் அங்கேதான் போகும்.

இவ்வளவையும் தாண்டி இந்தப் படத்தைத் தூக்கி நிறுத்துவது ஒரே விஷயம்: ஹீரோ யோக்கியமாகச் சண்டை போடுவதில்லை. தாய்லாந்து வீரருடன் மோதும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வெறுங்காலில் சண்டை போடுபவர். ஹீரோ அவரை ஒரு குடிசைக்குள் வரவைக்கிறார். தரை இரும்புத் தகடு. கீழே தீ மூட்டியிருக்கிறார்கள். ஹீரோவின் காலில் செருப்பு. தகடு சூடேற ஏற எதிரி ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் குதிக்கிறார், வெளியே ஓடப் பார்த்தால் ஹீரோவின் மாணவர்கள் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். பாதம் பொசுங்கப் பொசுங்க ஒரு மனிதரை அடித்துச் சாய்ப்பதைப் பார்க்கும்போது யார் வில்லன் என்றே ஒரு கணம் குழம்பும். கிழவனோடு நடக்கும் கடைசிச் சண்டையும் இதே பாணி. கத்தி விளிம்பை மழுங்கடிக்க மூங்கில், அப்புறம் சவப்பெட்டிக் கடை, அதற்குள் விசையில் பாயும்படி ஒளித்து வைத்த கோடரிகள். ஒரு கை இல்லாதவன் பலத்தில் ஜெயிக்க முடியாது, சூழ்ச்சியில்தான் ஜெயிப்பான் என்ற தர்க்கத்தைப் படம் கடைசிவரை விடவில்லை. பெரிய பட்ஜெட் படமாக இருந்தால் ஹீரோவை இவ்வளவு அழுக்காகக் காட்ட யாராவது தடை போட்டிருப்பார்கள்.

ஸ்னேக் இன் த ஈகிள்ஸ் ஷேடோ

இது மூன்றில் மிக நல்ல 'படம்'. கதைக்கு முதுகெலும்பு இருக்கிறது, ஆட்களின் மீது பாசம் வருகிறது, சிரிப்பு தானாக வருகிறது. சண்டைப் பள்ளியில் எடுபிடி வேலை செய்யும் அனாதைப் பையன் ஜாக்கி சான். பெருக்குவது, துடைப்பது, மாணவர்கள் பழக அடி வாங்குவது எல்லாம் அவன் பாடு. தெருவில் சந்திக்கும் ஒரு கிழட்டுப் பிச்சைக்காரர் அவனுக்குப் பாம்பு முறைச் சண்டையைச் சொல்லித்தருகிறார். பாம்பு முறை கற்றவர்களை ஒருவர் விடாமல் ஒழித்துக்கட்டக் கழுகு முறைக்காரர் ஒருவர் ஊர் ஊராகத் தேடி அலைகிறார்.

தயாரிப்பாளர் இங் சீ-யுவெனின் சீசனல் கம்பெனி சின்ன நிறுவனம். ஜாக்கியை இயக்குநர் லோ வெய்யின் கம்பெனியிலிருந்து இரண்டு படத்துக்குக் கடனாக வாங்கினார்கள். அங்கே அவரை இன்னொரு புரூஸ் லீயாக்கப் பார்த்துப் பார்த்துத் தோற்றுப்போயிருந்தார்கள். இயக்குநர் புதியவர், ஸ்டண்ட் மாஸ்டராக இருந்தவர். பிச்சைக்காரராக நடித்தது இயக்குநரின் சொந்த அப்பா யுவென் சியு-டீன். கழுகு முறை வில்லன் கொரியாவின் ஹுவாங் ஜாங்-லீ. அவருடைய உதையைப் பார்த்தால் டூப், கேமரா வேகம் எல்லாம் எதற்கு என்று தோன்றும். படப்பிடிப்பில் அவர் உதைத்ததில் ஜாக்கிக்கு ஒரு பல் போயிற்று.

கிழவர் பயிற்சி தரும் காட்சிகளில்தான் இந்தப் படத்தின் செல்வம் இருக்கிறது. செட் என்று பார்த்தால் ஒரு முற்றம், பொருள் என்று பார்த்தால் ஒரு சோற்றுக் கிண்ணம். கிழவர் கையில் இருக்கும் கிண்ணத்தைப் பையன் பிடுங்க வேண்டும், அவ்வளவுதான். கிண்ணம் முழங்கையில் உருள்கிறது, தோளில் ஏறுகிறது, மறு கைக்குத் தாவுகிறது. பையன் விழுந்து புரண்டும் கிடைப்பதாக இல்லை. வெட்டும் குறைவு, இரண்டு உடம்பும் சட்டகத்துக்குள் முழுதாகத் தெரிகின்றன. இன்னொரு இடத்தில் கிழவர் நேரடியாகச் சொல்லித்தராமல் தரையில் காலடித் தடங்களை வரைந்து வைத்துவிட்டுப் போகிறார். பையன் அதன் மேல் காலை வைத்து வைத்துப் பார்த்து, எந்தத் தடம் எந்த அடிக்கு என்று தானே கண்டுபிடிக்கிறான். இதற்கெல்லாம் ஒரு பைசா செலவில்லை. யுவென் பின்னாளில் 'மேட்ரிக்ஸ்' படத்துக்குச் சண்டை அமைத்தவர். கம்பி கட்டிப் பறக்கவிட்ட அந்த வேலையைவிட இந்த முற்றத்துக் கிண்ணம்தான் எனக்கு உசத்தி.

குறைகள்? வேதம் போதிக்க வந்த பாதிரியார் வேடத்தில் ஒரு ரஷ்யக் கொலையாளி வருகிறார், ஏன் வருகிறார் என்பது படத்துக்கே சரியாகத் தெரியவில்லை. ழான்-மிஷேல் ழார் இசைத்த மின்னிசை நடுநடுவே ஒலிக்கிறது. கேட்க நன்றாக இருந்தாலும் கில்லட்டின் படத்தில் உள்ள பொருத்தம் இங்கே இல்லை. இவை பெரிய விஷயமல்ல. பெரிய விஷயம் ஒன்று உண்டு. பையன் வீட்டுப் பூனை ஒரு நாகப்பாம்பை அடித்துக் கொல்வதைப் பார்த்து அவன் புதுச் சண்டை முறையைக் கண்டுபிடிக்கிறான். அந்தப் பூனையும் பாம்பும் நிஜம், சண்டையும் நிஜம். இன்றைக்கு எந்தப் படத்திலும் அனுமதிக்க மாட்டார்கள். குழந்தைகளோடு பார்ப்பதானால் அந்த இடத்தில் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பூனை பிடிக்கும், பாம்பு பிடிக்காது என்பவர்களுக்குக்கூட அது சுகமான காட்சி அல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதே இயக்குநர், இதே ஜாக்கி, இதே அப்பா, இதே வில்லன் சேர்ந்து அதே 1978இல் 'ட்ரங்கன் மாஸ்டர்' எடுத்தார்கள். அது இன்னும் பெரிய வெற்றி. அதை ஏற்கெனவே பார்த்தவர்களுக்கு 'ஸ்னேக்' ஓர் ஒத்திகை போலத் தோன்றலாம். பார்க்காதவர்கள் இதிலிருந்து தொடங்கி அதற்குப் போவதுதான் சரியான வரிசை.

த மிஸ்டரி ஆஃப் செஸ் பாக்ஸிங்

மலிவு என்பதை அதன் முழு அர்த்தத்தில் பார்க்க வேண்டுமானால் இதுதான். ஜோசப் குவோ தானே தயாரித்து, தானே இயக்கி, பெரும்பாலும் வெட்டவெளியிலும் கோயில் முற்றங்களிலும் எடுத்து முடிப்பவர். நடிகர்களும் பெரும்பாலும் அதே ஆட்கள்தான். அவருடைய 'செவன் கிராண்ட்மாஸ்டர்ஸ்' பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் ஜாக் லாங், மார்க் லாங், லீ யி-மின் மூவரும் வேறு வேடத்தில் வந்து நிற்பார்கள்.

பேய்முகக் கொலையாளி என்று ஒருவன். ஆளைக் கொல்வதற்கு முன் பேய்முகம் வரைந்த ஒரு தகட்டை வீசிவிட்டுத்தான் கொல்வான். அப்பாவைப் பறிகொடுத்த பையன் ஒருவன் சண்டைப் பள்ளியில் சேர்கிறான், அங்கே மூத்த மாணவர்களிடம் மிதிபடுகிறான், பின்னால் சீனச் சதுரங்க ஆசான் ஒருவரிடம் போய்ச் சேர்கிறான். சதுரங்கத்தையும் சண்டையையும் இணைப்பது நல்ல யோசனை. சீனச் சதுரங்கப் பலகையின் நடுவே ஓர் ஆறு ஓடும், யானைக்காய் அதைத் தாண்டக் கூடாது, குதிரை தாண்டலாம். இதை வைத்துக்கொண்டு எவ்வளவோ செய்திருக்கலாம். படம் மேலோட்டமாகத் தொட்டுவிட்டு நகர்கிறது. வில்லனுடைய பஞ்சபூத முறை, அதாவது உலோகம், மரம், நீர், நெருப்பு, மண் என்று மாற்றி மாற்றி வரும் முறை, அதைவிடத் தெளிவாக வந்திருக்கிறது.

'ஸ்னேக்' கிழவர் யுவென் சியு-டீன் இங்கே பள்ளியின் சமையல்காரராக வருகிறார். அந்தப் படம் ஓடிய ஓட்டத்தில் அவரைக் கொஞ்ச நேரமாவது காட்டினால் போதும் என்று நினைத்திருக்க வேண்டும். 1979 ஜனவரியில் அவர் இறந்துவிட்டார், கடைசிப் படங்களில் இதுவும் ஒன்று. அவர் திரையில் இருக்கும் வரை படம் உயிரோடு இருக்கிறது. அவர் போனதும் கொஞ்ச நேரம் தொய்கிறது.

பள்ளியில் பையனைப் படுத்தும் பகுதி நீளம். சிரிப்பு என்று நினைத்து எடுத்தவை பலவும் சிரிப்பே இல்லை. சதுரங்க ஆசானின் நரைத்த விக் வெயிலில் பார்க்கச் சகிக்காது. ஆனால் மார்க் லாங் திரைக்கு வந்தால் எல்லாம் மறந்துபோகும். கையைக் கட்டிக்கொண்டு நடந்து வரும் தோரணையிலேயே ஆள் செத்துப்போவான். கடைசிச் சண்டையில் ஆசானும் சீடனும் சேர்ந்து அவனை எதிர்க்கிறார்கள். இரண்டு பேர் நான்கு கையால் அடிக்க, ஒருவன் தடுத்துக்கொண்டே முறையை மாற்றிக்கொண்டே இருப்பதை இவ்வளவு தெளிவாக எடுத்தவர்கள் குறைவு. அமெரிக்காவின் வு-டாங் கிளான் ராப் குழு 1993இல் இந்தப் படத்தின் பெயரிலேயே ஒரு பாட்டுப் போட்டது. அந்தக் குழுவின் கோஸ்ட்ஃபேஸ் கில்லா தன் மேடைப் பெயரை எடுத்தது இந்த வில்லனிடமிருந்துதான். ஹீரோ பெயரை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நான்காவதாக ஒரு வகை உண்டு. 1973 ஜூலையில் புரூஸ் லீ இறந்த பிறகு புரூஸ் லி, புரூஸ் லே, டிராகன் லீ என்று பெயர் வைத்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்தவர்களின் படங்கள். நண்பர்கள் யாராவது சிபாரிசு செய்வார்கள், பத்து நிமிடம் சிரிப்பு வரும், அப்புறம் தூக்கம் வரும். 1980இல் வந்த 'த குளோன்ஸ் ஆஃப் புரூஸ் லீ' அதன் உச்சம். முதல் படமாக வேண்டவே வேண்டாம்.

எந்த ஒலியில், எந்தப் பிரிண்டில்

தேர்வில் பாதி இதுதான். பழைய வீடியோ கேசட் காலத்துப் பிரிண்டுகள் இணையத்தில் நிறையச் சுற்றுகின்றன. அகலத் திரைக்கு எடுத்த படத்தை டிவி சதுரத்துக்காக இரண்டு பக்கமும் வெட்டியிருப்பார்கள். 'செஸ் பாக்ஸிங்' கடைசிச் சண்டையில் மூன்று பேர் இருக்க வேண்டும். வெட்டிய பிரிண்டில் ஒருவரின் கை மட்டும் ஓரத்தில் வந்து வந்து போகும். கலர் வெளுத்து எல்லாம் காவி நிறத்துக்கு வந்திருக்கும். மூன்று படங்களுக்குமே அகலத்தை வெட்டாத, துலக்கிய பதிப்புகள் வந்துவிட்டன. அதைத் தேடிப் பாருங்கள். கீறல் விழுந்த பிரிண்டில்தான் ருசி என்பவர்கள் உண்டு. கீறல் இருக்கட்டும், சண்டை போடுபவர்கள் இருவருமாவது திரைக்குள் இருக்க வேண்டாமா?

மொழி விஷயத்தில் நான் கறாராக இல்லை. சீன மொழிப் பதிப்பும் பின்னால் சேர்த்த குரல்தான், அதிலும் பல நடிகர்களுக்கு வேறொருவர்தான் பேசியிருப்பார். அசல் ஒலி என்று ஒன்று இந்தப் படங்களில் கிடையாது. 'கில்லட்டின்', 'செஸ் பாக்ஸிங்' இரண்டையும் ஆங்கில டப்பிங்கில் பார்க்கச் சொல்வேன். வில்லன்கள் அந்தக் கரகர ஆங்கிலக் குரலில் இன்னும் பெரிதாகத் தெரிகிறார்கள். 'ஸ்னேக்' மட்டும் ஹாங்காங்கில் பேசும் சீன மொழியான கான்டனீஸில் சப்டைட்டிலோடு பாருங்கள். அதன் சிரிப்பு பேச்சின் தாளத்தில் இருக்கிறது, ஆங்கிலக் குரல் அதைத் தட்டையாக்கிவிடுகிறது.

சரி, முதலில் எது?

வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்காருவதானால், பூனைக் காட்சியைத் தாண்டிவிட்டு, 'ஸ்னேக்'. குங்ஃபூ படமே பார்த்திராதவரையும் அது இழுத்துக்கொள்ளும். சண்டை மட்டும் போதும், கதை எப்படி இருந்தால் என்ன என்பவர் தனியாகப் பார்க்க 'செஸ் பாக்ஸிங்'. நடுவில் உள்ள பள்ளிக்கூடப் பகுதியை ஓட்டிவிட்டாலும் எதுவும் குறையாது.

ஆனால் கேள்வி 'நல்ல படம் எது' என்பதல்ல. மலிவாக எடுத்த பழைய குங்ஃபூ படத்தின் ருசி என்ன என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு படம்தான் பார்ப்பேன் என்றால் என் ஓட்டு 'கில்லட்டின்' பக்கம். 'ஸ்னேக்' படத்துக்கு இன்னும் கொஞ்சம் காசு கொடுத்திருந்தால் இன்னும் நல்ல படமாகவே வந்திருக்கும். 'செஸ் பாக்ஸிங்'குக்குக் கொடுத்திருந்தால் விக்காவது ஒழுங்காக இருந்திருக்கும். 'கில்லட்டின்' படத்துக்குக் காசு கொடுத்திருந்தால் கெட்டுப்போயிருக்கும். ரப்பர் கையும், உருவிய இசையும், சவப்பெட்டிக் கடையும் இல்லாமல் அந்தப் படம் இல்லை. நாலைந்து நண்பர்களோடு, சத்தமாகப் பேசிக்கொண்டே பார்க்க வேண்டிய படம் அது. இன வேடிக்கைகள் பிடிக்காதவர் கூட்டத்தில் இருந்தால் யோகி வருவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முதல் பாகத்தைப் பார்த்துவிட்டுத்தான் இதைப் பார்க்க வேண்டுமா என்று கேட்பார்கள். தேவையில்லை. ஒருவனுக்கு ஒரு கை இல்லை, இரண்டு பேரைக் கொன்றிருக்கிறான், அவ்வளவு தெரிந்தால் போதும். அதையும் கிழவன் முதல் சில நிமிடங்களிலேயே கத்திச் சொல்லிவிடுவான்.